சீனியின் வயிற்றில் இருந்த கம்பி

“டொக்டர், இரட்டைக் கண்டுதானே?”

ஜெமீலா சிரித்துக்கொண்டே கேட்டார். கிண்ணியாவில் அவருடைய வீட்டு முற்றம். மழை பெய்து விட்டிருந்தது. வேலியோரம் ஈர மணல் மணந்தது. நான் மாட்டுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டின் வயிற்றைப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். சீனியின் இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை பூசணிக்காய் போல உருண்டிருந்தது. வலது பக்கம் மேலே ஒட்டிப்போய், கீழே மட்டும் பப்பாசிப் பழம் போலத் தொங்கியது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வயிறு பெருத்திருந்தது, மாடு மெலிந்திருந்தது.

கன்று வளரும் வயிறு அப்படி இருக்காது.

“எத்தின நாளாச் சாப்பாடு குறைவு?” என்று கேட்டேன்.

“மூணு கிழமை இருக்கும். வயித்தில கண்டு அமத்துது போல, அதான் தின்ன ஏலாம இருக்காள் எண்டு நினைச்சன்.” ஜெமீலா சீனியின் நெற்றியைத் தடவினார். “ரெட்டைக் கண்டு எண்டா எனக்கு ஒண்டு, தங்கச்சிக்கு ஒண்டு.”

காலடியில் கிடந்த சாணம் ஒரு கைப்பிடி கூட இல்லை. கறுத்து, பிசின் போல ஒட்டியது. ஸ்டெதஸ்கோப்பை விலாவில் வைத்தேன். வருத்தம் வந்த மாட்டின் இதயம் வழக்கமாக வேகமாக அடிக்கும். சீனியின் இதயம் நிதானமாக, மிக மெதுவாக அடித்தது. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். இரண்டு தரமும் நிமிடத்துக்கு நாற்பதுக்குச் சற்று மேல்தான்.

அந்த மெதுவான துடிப்பு ஒரு நரம்பு கெட்டுவிட்டதைச் சொன்னது.

அலைந்து திரியும் நரம்பு

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். “நீங்கள் காப்பாற்றிய மாடுகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். உங்களால் செத்த மாடு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூளையின் அடியிலிருந்து புறப்படும் ஒரு நரம்பு, கழுத்து வழியாக இறங்கி, இதயத்தைத் தொட்டு, வயிறுவரை போகிறது. வேகஸ் என்று பெயர். அலைந்து திரிவது என்று பொருள். அசைபோடும் விலங்குகளுக்கு இதுதான் உயிர். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. தின்ற புல் முதலாவதில் ஊறி, இரண்டாவதற்குப் போய், மறுபடி வாய்க்கு வந்து, அரைபட்டு, அடுத்த அறைகளுக்கு இறங்க வேண்டும். எந்த அறை எப்போது சுருங்குவது, எந்த வாசல் எப்போது திறப்பது என்பதையெல்லாம் இந்த நரம்புதான் சொல்லும்.

நரம்பு கெட்டால் வாசல் திறக்காது. தின்றது கீழே இறங்காது. முதல் வயிறு நுரைத்து, நிறைந்து, பெருத்துக்கொண்டே போகும். வயிறு நிறைந்த மாடு பட்டினியில் சாகும்.

மனிதருக்கும் இதே நரம்புதான். என் அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கடைசிக் காலத்தில் நீரிழிவு அவருடைய வயிற்று நரம்பைத் தின்றுவிட்டது. காலையில் குடித்த கஞ்சியைப் பின்னேரம் அப்படியே வாந்தி எடுப்பார். உப்புவெளி வீட்டில் கதிரையில் சாய்ந்தபடி, “பசிக்குது பிள்ளை, ஆனா உள்ள இடமில்லை,” என்பார். அம்மா குசினிக்குள் போய் அழுவார். நான் மிருக வைத்தியர். அவருக்கு என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் சரியாக விளங்கியது. விளங்கியும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாட்டில் இந்த நரம்பு பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் கெடும். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. புல்லோடு கிடக்கும் ஆணியோ கம்பியோ அப்படியே உள்ளே போய் இரண்டாவது வயிற்றில் தங்கும். அந்த வயிறு சுருங்கும்போது கம்பி சுவரைக் குத்தும். குத்திய இடத்தில் சீழ் கட்டும். சீழ்க்கட்டி நரம்பை அழுத்தும். அழுத்தப்பட்ட நரம்பு இதயத்தையும் மெதுவாக்கும்.

“ஒருக்கா முயற்சி செய்து பாப்பம்”

ஆறு கிழமைக்கு முன்னரும் ஜெமீலா என்னைக் கூப்பிட்டிருந்தார். அன்று சீனி முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. நடக்கும்போது முனகியது. நான் அதைச் செரிமானக் கோளாறு என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் தின்னத் தொடங்கியது. நானும் மறந்துவிட்டேன்.

அன்றே கம்பி என்று சந்தேகித்திருக்க வேண்டும்.

சீனி ஜெமீலாவின் ஒரே கறவை மாடு. கன்றாக இருந்தபோது குசினிக்குள் புகுந்து சீனிப் பையைக் கிழித்து நக்கியதால் அந்தப் பெயர். கணவர் பளீல் களப்பில் மீன் பிடிப்பவர். அவருக்குத் தொழில் இல்லாத நாட்களிலும் சீனியின் பாலால் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. ஜெமீலா அந்தத் தெருவில் முதன்முதலாகப் புல் நட்டு மாடு வளர்த்தவர். நான் நடத்தும் கூட்டங்களுக்கு முதல் ஆளாக வந்து முன் வரிசையில் இருப்பார். நான் சொல்வதையெல்லாம் செய்து பார்ப்பார்.

வயிற்றில் கம்பி இருக்கலாம், நரம்பு கெட்டிருக்கலாம் என்று சொன்னதும் பளீல் முன்னால் வந்தார்.

“டொக்டர், மறைக்காமச் சொல்லுங்க. பிழைக்காதெண்டா இப்பவே அறுத்துப் போடலாம். ஊசி மருந்து ஏத்தினா மறுகா இறைச்சியும் உதவாது.”

“வயித்தில கண்டு கிடக்கு,” என்றார் ஜெமீலா. “அஞ்சு மாசம். எப்பிடி அறுக்கிற?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்தாலும், நரம்பு கெட்டிருந்தால் பிழைப்பது அரிது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். ஆனால் சொன்ன கையோடு, “ஒருக்கா முயற்சி செய்து பாப்பம்,” என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியம்தான் அவர்கள் காதில் நின்றது.

கையில் வந்தது

மறுநாள் காலை தவராசா அண்ணனோடு போனேன். எங்கள் அலுவலகத்தில் இருபது வருடமாக உதவியாளராக இருப்பவர். மாட்டை நிற்க வைத்தபடியே இடது விலாவை மரக்கச் செய்து கீறினோம். ஜெமீலா சீனியின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதருகே ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

முதல் வயிற்றைத் திறந்ததும் புளித்த நுரை வழிந்தது. அரைபடாத புல்லைக் கைகையாக அள்ளி வெளியே போட்டோம். மூன்று பெரிய பேசின்கள் நிறைந்தன. பிறகு தோள்வரை கையை உள்ளே விட்டு இரண்டாவது வயிற்றைத் தடவினேன். அதன் சுவர் தேன்கூடு போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அறை அறையாகத் தேடினேன்.

வலப்பக்கச் சுவரில், கல்லீரலை ஒட்டி, தோடம்பழம் அளவில் ஒரு கட்டி. அதன் நடுவில் ஊசி முனை.

இழுத்தேன். வந்துவிட்டது.

விரல் நீளம். நூலை விடச் சற்றுத் தடிப்பு. துரு படியாத இடங்களில் பித்தளை நிறத்தில் மினுங்கியது. ஒரு முனையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர்.

தவராசா அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் கொட்டிலின் மூலைக்குத் திரும்பினோம்.

அங்கே நான் கொடுத்த டயர்த் தொட்டி கிடந்தது.

இறங்குதுறை டயர்கள்

சீமெந்து, மருந்து, தீவனம் எதுவுமே ஒழுங்காகக் கிடைக்காமல் நாடு திண்டாடிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மாடுகள் மண்ணில் போட்ட புல்லைத் தின்று, மணலையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தன. தொட்டி கட்ட ஒருவருக்கும் வசதியில்லை.

படிக்கிற காலத்தில் ஒரு பண்ணையில் லொறி டயரை வெட்டி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டித் தீவனத் தொட்டியாக வைத்திருந்ததைக் கண்டிருந்தேன். அது ஞாபகம் வந்தது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் சிறியதொரு படகுப் பட்டறை வைத்திருந்தார். படகுகள் சுவரில் மோதாமல் இருக்க அவருடைய இறங்குதுறையில் தொங்கவிட்டிருந்த பழைய டயர்கள் கழிவாகக் குவிந்து கிடந்தன. கேட்டதும் தந்தார்.

பட்டறையிலேயே வெட்டுவித்து, கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் மாடு வளர்க்கும் பன்னிரண்டு பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். மேலதிகாரி பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான் பண்ணையில் கண்ட டயர்களுக்குள் இருந்தது நூல். இந்த டயர்களுக்குள் இருந்தது கம்பி. கடல் நீரில் வருடக் கணக்காக ஊறியவை. வெட்டிய விளிம்பு வெயிலில் பொரிந்து உதிர, துருப்பிடித்த கம்பிகள் துண்டு துண்டாகப் புல்லுக்குள் விழுந்துகொண்டிருந்தன. மாட்டு வைத்தியம் படித்த எனக்கு, டயரின் வெட்டு விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“தெரியாது”

சீழ்க்கட்டியைக் கீறி இரண்டாவது வயிற்றுக்குள்ளேயே வடியவிட்டேன். வயிற்றைத் தைத்தேன். கை கழுவும்போது ஜெமீலா பக்கத்தில் வந்து நின்றார்.

“கம்பிதானா டொக்டர்?”

“ஓம். எடுத்தாச்சு.”

“எங்க இருந்து வந்திருக்கும்? நான் குப்பை மேட்டுப் பக்கம் விடுறதே இல்லையே. கட்டிப் போட்டுத்தானே தீன் குடுக்கிறன்.”

தண்ணீர் வாளிக்குள் என் கை இருந்தது. கம்பி என் சட்டைப் பையில் இருந்தது.

“தெரியாது,” என்றேன்.

திரும்பும் வழியில் தவராசா அண்ணன், “மிஸ், வேலிக் கம்பி எண்டு சொல்லியிருக்கலாம். அவ திரும்பக் கேக்க மாட்டா,” என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

அங்கிருந்து புறப்படுமுன் ஜெமீலாவிடம், வருத்தம் மாறும்வரை பேசினில் வைத்துத் தீன் கொடுக்கும்படி சொல்லியிருந்தேன். காரணம் சொல்லவில்லை. மற்றப் பதினொரு தொட்டிகளையும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். இரண்டு வீடுகளுக்குப் போய், அலுவலகம் திருப்பிக் கேட்கிறது என்று சொல்லி எடுத்தும் வந்தேன். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. மிச்சத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போட்டேன்.

வயிற்றைத் திறந்த இரண்டாம் நாள் சீனி அசைபோட்டது. ஜெமீலா தொலைபேசியில் கத்தினார். “வாய் அசையுது டொக்டர்! அல்லாஹ்ட உதவி!” நானும் அலுவலக வாசலில் நின்று அழுதேன். சீனி பிழைத்துவிட்டால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்றும் அந்த அழுகைக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

நாலாம் நாள் வயிறு திரும்பவும் பெருக்கத் தொடங்கியது. கட்டி வடிந்தாலும் நரம்பு திரும்பவில்லை. குழாய் விட்டு நுரையை இறக்கினேன். பின்னேரம் மறுபடியும் நிறைந்தது. ஐந்தாம் நாள் சீனி எழும்பவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் பல்லைக் கடித்து முனகியது. ஆறாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் செத்தது. வயிற்றுக்குள் கன்று அதற்குப் பிறகும் சிறிது நேரம் அசைந்ததாகப் பளீல் சொன்னார். ஜெமீலா அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தாராம்.

சொன்ன நாள்

மறுநாள் போனேன். வளவின் ஓரத்தில் புதைத்த மண் ஈரமாகக் குவிந்திருந்தது. ஜெமீலா பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். கறக்க மாடு இல்லை. வாளியைக் கழுவ மட்டும் கை பழகியிருந்தது.

பையிலிருந்து கம்பியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

“இது டயருக்குள்ள இருந்தது, ஜெமீலா. நான் தந்த தொட்டியில இருந்து விழுந்தது. வயித்தத் திறந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். உங்களிட்டப் பொய் சொன்னனான்.”

அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது. அவருடைய முகம் திடீரென்று வெளுத்தது.

“அப்ப தங்கச்சி வீட்டில?”

“என்ன தங்கச்சி வீட்டில?”

“அவளுக்கும் ஒண்டு வெட்டிக் குடுத்தனான். நீங்க தந்ததப் பாத்து, நானே டயர் தேடி, கராஜில குடுத்து வெட்டுவிச்சு.” கம்பியை என் பக்கம் நீட்டினார். “ஏழு நாள் டொக்டர். நீங்க சொல்லாம இருந்த ஏழு நாளும் அந்த மாடு அதிலதான் தின்னுது.”

என்னுடைய பட்டியலில் அந்த வீடு இல்லை. நான் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் எடுத்து முடித்திருந்தாலும் அந்தத் தொட்டி அங்கேயே இருந்திருக்கும்.

ஜெமீலா அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரில் ஏறினார். தங்கையின் வீடு தோப்பூரில் இருந்தது.

தங்கை சம்சுன் கொட்டிலடியில் நின்றார். பழுப்பு நிற மாடு முதுகைக் கூனிக்கொண்டு, முன்கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. ஜெமீலா என்னை முதல் தடவை கூப்பிட்டபோது சீனி நின்றது போலவே.

ஜெமீலா ஓடிப்போய்த் தொட்டியைக் கவிழ்த்தார். புல் மண்ணில் கொட்டியது.

“ஏன் ராத்தா? என்ன செய்றீங்க?”

ஜெமீலா என்னைக் காட்டினார்.

“டொக்டர் சொல்லுவா. நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்.”

பக்கத்து வேலிகளில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. சொன்னேன். டயர் யோசனை என்னுடையது, அது பிழை, கம்பி கண்ட பிறகும் ஒரு கிழமை வாய் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சம்சுன் கேட்டுக்கொண்டே கவிழ்ந்து கிடந்த புல்லைக் கையால் கிளறினார். இரண்டு துண்டுக் கம்பிகள் அகப்பட்டன.

கம்பி முன்னுக்குப் போகாதபடி, அந்த மாட்டின் முன்கால்களை உயர்த்தி, மேடு கட்டி நிற்க வைத்தோம். நாள் தவறாமல் ஊசி போட்டேன். கொழும்பிலிருந்து மாட்டுக் காந்தம் எடுப்பித்து விழுங்க வைத்தேன். அது வயிற்றில் கிடந்து கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மாடு பிழைத்தது. பழைய பாலில் பாதிதான் திரும்பி வந்தது.

பின் இருக்கை

தோப்பூரிலிருந்து திரும்பும்போது ஜெமீலா கேட்டார்.

“மத்த வீடுகளுக்கு எப்ப போறீங்க?”

“நாளைக்கு.”

“நானும் வாறன்.”

“காலையில தெரு முனைக்கு வாங்க,” என்றேன்.

நான்கு நாட்கள். காலையில் போனால் அவர் தெரு முனையில் நிற்பார். பின் இருக்கையில் ஏறுவார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அந்தக் கம்பி. ஒவ்வொரு வீட்டிலும் கம்பியை எடுத்து முற்றத்துக் கதிரையில் வைப்பார். பிறகு ஒதுங்கி நிற்பார். நான் சொல்வேன். எங்காவது நான் சுருக்கமாக முடிக்கப் பார்த்தால், “ஒரு கிழமை சொல்லாம இருந்ததையும் சொல்லுங்க,” என்பார். ஏற்கெனவே தொட்டியை எடுத்துவிட்ட இரண்டு வீடுகளுக்கும் போனோம். அலுவலகம் கேட்டதாகச் சொன்னது பொய் என்று அங்கேயும் சொன்னேன்.

சிலர் சத்தம் போட்டார்கள். ஒரு வயதானவர் நாங்கள் படலையைத் தாண்டும்வரை ஏசிக்கொண்டே வந்தார். மூதூரில் ஒரு பெண், “நீங்க வேணுமெண்டு செய்யேல்லத்தானே,” என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண்ணின் மாடு இரண்டு மாதம் கழித்துச் செத்தது. மூதூரிலேயே இன்னொரு மாடும் செத்தது. இரண்டுக்கும் வயிறு சீனியினுடையது போலவே பெருத்தது. கடைசியில் இரண்டு இதயங்களும் அதே மெதுவாக அடித்தன.

அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். விசாரணை நடந்தது. கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

நாலாம் நாள் கடைசி வீட்டையும் முடித்துக்கொண்டு கிண்ணியாச் சந்திக்கு வந்தபோது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெமீலா இறங்கினார். முடியும்வரை நின்றார். பிறகு துணிப்பையை இரண்டாக மடித்தார்.

“எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“ஓம்.”

“இனி எங்கட வீட்டுக்கு வேற ஆரையாவது அனுப்புங்க, டொக்டர். கோவத்தில சொல்லல்ல. நீங்க வந்து நிண்டா, நீங்க சொல்றத நான் நம்புவன். எனக்கு அந்தப் பழக்கம் விடுபடுதில்ல. அதுக்குத்தான் சொல்றன்.”

சொல்லிவிட்டுச் சந்தியைக் கடந்து நடந்தார். நான் எஞ்சினை நிறுத்தாமல் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹோன் அடித்தபோதுதான் நடு வீதியில் நிற்கிறேன் என்று தெரிந்தது.